வாரம் ஒருமுறை மாத்திரை, கவரிலோ 3-0-0

கேள்வி: அம்மாவுக்கு வயது 62, முடக்குவாதம். சீட்டில் டாக்டர் 'ஃபோலிட்ராக்ஸ் 7.5 மி.கி., வாரம் ஒருமுறை' என்று எழுதியிருக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் 2.5 மி.கி. மாத்திரை கொடுத்து, கவரில் 3-0-0 என்று குறித்திருக்கிறார்கள். தினமும் காலையில் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் 3 மாத்திரை. ஃபோலிட்ராக்ஸ் என்பது பிராண்டு பெயர், உள்ளே இருக்கும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது தடைபடும், உயிருக்கே ஆபத்து.

ஏற்கெனவே தினமும் கொடுத்திருந்தால், அம்மா நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். ஃபோலினிக் அமிலம் என்ற முறிவு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை வலி, மூச்சுத்திணறல், ஈறில் ரத்தம் ஆகியவை அபாய அறிகுறிகள்.

தவறு நேர்ந்த இடம் அந்தக் கவர்தான். காலை, மதியம், இரவு என்ற மூன்று கட்டத்தில் கிழமைக்கு இடமில்லை. அதை அடித்துவிட்டு, 'புதன்கிழமை மட்டும்' என்பதுபோல் கிழமையைப் பெரிதாக எழுதுங்கள். எந்தக் கிழமை என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணியும் பாருங்கள்: 4 வாரத்துக்கு 12 மாத்திரைதான் வரவேண்டும். அட்டையில் 2.5 என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். 10 மி.கி. அட்டை மாறி வந்தால் அதே 3 மாத்திரை 30 மி.கி. ஆகிவிடும்.

இன்னொரு குழப்பம் பெயரில். இதோடு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரையும் எழுதுவார்கள். அதன் பிராண்டு ஒன்று ஃபோல்வைட். ஃபோலிட்ராக்ஸ், ஃபோல்வைட்: அவசரக் கிறுக்கலில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஃபோலிக் அமிலத்தை டாக்டர் சொன்ன வேறு நாளில் கொடுங்கள், இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். மூட்டு வலிக்கென்று கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். சிறுநீரகம் மெத்தோட்ரெக்ஸேட்டை வெளியேற்றுவதை அது குறைக்கலாம்.

சீட்டு எழுதும் மருத்துவர்களுக்கு: மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை ஆங்கில கேப்பிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்பது 2016-ல் அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் கொண்டுவந்த விதி. இந்த மருந்துக்கு அது மட்டும் போதாது. 'மெத்தோட்ரெக்ஸேட் 2.5 மி.கி. மாத்திரை, 3 மாத்திரை, புதன்கிழமை மட்டும், மொத்தம் 12, முடக்குவாதத்துக்கு' என்று முழுதாக எழுதுங்கள். 5.0 என்று எழுதாதீர்கள். புள்ளி மங்கினால் 50.