ஈரத்த பாத்தீங்களா? சாணம், கடலலை, விறகு பத்தி வாசகர் கேள்விகள்

இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல எரிக்கிற சமாச்சாரம்தான். கேள்வி அனுப்புறவங்க தயவுசெஞ்சு அளவு, ஈரம், இடம் மூணையும் சேத்து எழுதுங்க.

வீட்டுல மாடு இருக்கு. சாண எரிவாயு போட்டா சிலிண்டர் வாங்காம இருக்கலாமா?

எத்தனை மாடுன்னு எழுதல, எத்தனை பேருன்னு எழுதல, நான் எதை வச்சு சொல்றது? நாலு பேர்னா தினம் ஒரு கன மீட்டர் கேஸ் வேணும், அதுக்கு 25 கிலோ பச்சை சாணம், அதாவது கட்டுத்தறியிலயே கட்டி வளக்கிற ரெண்டு மூணு மாடு, மேய விட்டா பாதி சாணம் காட்டோட போயிடும். மிச்ச சோறு கொஞ்சமா போடலாம், ஒரேயடியா கொட்டினா உள்ள புளிச்சு கேஸ் நின்னுடும்.

நடைபாதையில கரண்ட் எடுக்கிற டைல்ஸ், எங்க காலேஜ்ல போடலாமா?

வேண்டாம். ஒரு தடவை கால் வச்சா 4, 5 ஜூல் வரும், ஒரு யூனிட் கரண்டுக்கு 36 லட்சம் ஜூல் வேணும். கணக்கு போட்டுக்கோங்க. அந்த காசுக்கு மாடியில சோலார் போடுங்க.

கடலலையில கரண்ட், நம்ம பக்கம் யாரும் செஞ்சு பாக்கலையா?

பாத்தாங்க. கேரளா விழிஞ்ஞத்துல 1991ல ஐஐடி மெட்ராஸ்காரங்க 150 கிலோவாட்ல ஒண்ணு கட்டினாங்க, அலை ஏறி இறங்கும்போது காங்கிரீட் அறைக்குள்ள காத்து தள்ளுப்பட்டு டர்பைன் சுத்தும், நல்ல வேலை. ஆனா மழைக்காலத்துல அலை பலமா இருக்கும், மத்த மாசம் சோந்துடும், இப்ப அது ஓடல. அலையையும் ஓதத்தையும், அதாவது நிலா இழுப்புல கடல் மட்டம் ஏறி இறங்குறதையும், போட்டு குழப்பாதீங்க, பிரான்ஸ்ல 1966ல இருந்து ஓடுற 240 மெகாவாட் ஓதத்துல வர்றது, தமிழ்நாட்டு கரையில ஓதம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் ஏறும்.

மரம் திரும்ப வளரும், அதனால எரிச்சாலும் கார்பன் கணக்கு பூஜ்யம்னு படிச்சேன். சரிதானே சார்?

இல்ல. இதை வருஷக்கணக்கா சொல்லிட்டே இருக்கேன். இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் ட்ராக்ஸ்னு ஒரு பவர் ஸ்டேஷன், முன்ன நிலக்கரி, 2013ல இருந்து ஒவ்வொரு யூனிட்டா மாத்தி இப்ப நாலு யூனிட், 2,600 மெகாவாட் கிட்ட, மர பெல்லட்ல (மரத்தூள அழுத்தி செஞ்ச சின்ன துண்டு) ஓடுது, பெல்லட் முக்கால்வாசி அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல இருந்தும் கனடால இருந்தும் கப்பல்ல வருது. அந்த புகைபோக்கியில வர்ற கார்பன் இங்கிலாந்து கணக்குல பூஜ்யம், ஏன்னா மரம் வெட்டின நாட்டோட காட்டுக் கணக்குல அதை எழுதணும்னு விதி. ஆனா ஒரு யூனிட் கரண்டுக்கு மரம் விடுற கார்பன் நிலக்கரிய விட குறைச்சல் இல்ல, கொஞ்சம் கூடவே வரும், வெட்டின மரம் திரும்ப அந்த அளவு வளர 40, 50 வருஷம், அதுவரைக்கும் அது வானத்துலதான் நிக்கும்.

அதுக்காக பயோமாஸ், அதாவது மரம், சக்கை மாதிரி எரிக்கிறது எல்லாமே தப்புன்னு கிளம்பிடாதீங்க. டன் கரும்புக்கு 300 கிலோ சக்கை ஆலையிலயே விழுது, அதை எரிச்சு ஸ்டீமும் கரண்டும் எடுக்கிறது சரியான வேலை. ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் எரிக்கிற சீமைக்கருவேலமும் பரவால்ல, அடிய விட்டு வெட்டினா சில வருஷத்துல தழைச்சுடும். பிரச்சனை அளவுலதான். 10 மெகாவாட்டுக்கு தினம் 300 டன் வேணும், பக்கத்துல கருவேலம் தீந்ததும் லாரி தூரமா போகும், அப்புறம் லோடுக்குள்ள மத்த மரமும் வரும். நான் வேலை பாத்த ஒரு ஆலை யார்டுல ரோட்டோரம் நிழல் குடுத்துட்டு இருந்த புளியமரம் துண்டு துண்டா கிடந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் மனசு ஆறல. எவன் பயோமாஸ்னு சொன்னாலும் முதல்ல எங்க வெட்டினதுன்னு கேளுங்க, அப்புறம் ஈரம் எவ்வளவுன்னு கேளுங்க.

ரைஸ் மில் பாய்லர்ல உமியோட வைக்கோலும் போடுறோம், டியூப்ல கல்லு மாதிரி படியுது.

வைக்கோல்தான் காரணம். அதுல இருக்கிற பொட்டாசியமும் குளோரைடும் சாம்பல உருக்கி ஒட்ட வைக்குது. உடனே நிறுத்துங்க, வைக்கோல் மாட்டுக்கு போகட்டும். அப்புறம் உமி குடோன்ல ஒழுகுதான்னும் பாருங்க.

ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை கிலோ விறகு?

ஈரம் எழுதலையே தம்பி. நல்லா காஞ்சதுன்னா ஒண்ணேகால் கிலோ, பச்சைன்னா ரெண்டு கிலோவுக்கு மேல.