கச்சான் பிடுங்கிய பிறகு பாதம் தூக்க முடியவில்லை: இது பாரிசவாதமா?

ஒட்டுசுட்டானில் நான்கு நாள் குந்தியிருந்து கச்சான் பிடுங்கிய அம்மாவுக்கு வலது பாதம் தூக்க வருவதில்லை, செருப்பும் கழன்று போகிறது, பாரிசவாதமோ என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முகம், கை, பேச்சு ஏதாவது மாறியிருந்தால் இப்போதே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அவை சரியாக இருந்தால் முழங்கால் பக்கம்தான் எனக்குச் சந்தேகம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் ஒரு எலும்பு முண்டைத் தொட்டுப் பாருங்கள். பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்குப் போகும் நரம்பு அந்த முண்டுக்குச் சற்றுக் கீழே எலும்பின் ஒடுங்கிய பகுதியை (கழுத்தை)ச் சுற்றித்தான் வருகிறது. அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதைப்பிடிப்பு மிகக் குறைவு. மணிக்கணக்காகக் குந்தியிருந்தால் நரம்பு நசுங்கிவிடும். புறங்காலில் விறைப்பு இருக்கிறதா, கேளுங்கள்.

குதிக்காலை உயர்த்தி நுனிக்காலில் நிற்க முடிகிறதா? அது வேறு நரம்பின் வேலை. நிற்க முடிந்தால் என் சந்தேகம் வலுக்கும். ஆனால் இடுப்பு நரம்பு நசுங்கினாலும் பாதம் இப்படித் தொங்கலாம், அதனால் டொக்டர் பார்த்தே ஆக வேண்டும். கிளிநொச்சி வைத்தியசாலைக்கு இந்தக் கிழமையே கூட்டிப் போங்கள். சீனி வருத்தம் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

நரம்பின் உறை மட்டும் நசுங்கியிருந்தால் சில கிழமைகளில் தேறும். உள்ளிழை அறுந்திருந்தால் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும், மாதக்கணக்காகும். அதுவரை குந்தவோ கால்மேல் கால் போடவோ விடாதீர்கள். எண்ணெய் போட்டு அந்த முண்டை அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம், பாவம், நசுங்கிய நரம்பை இன்னும் நசுக்குவதாகிவிடும்.