கோவளம் – மாமல்லபுரம் கடலோர ஹோட்டல்கள்: குடும்பமாக வருபவர்களுக்கும் வேலையாக வருபவர்களுக்கும் கேள்வி பதில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள செயின் ஹோட்டல்களில் ரிசப்ஷனிலும் ரிசர்வேஷனிலும் பல வருடம் வேலை பார்த்தவன் நான். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள பகுதியைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எதைக் கேட்க வந்தாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: ஹோட்டலுக்கு எதிரே தெரியும் கடல் பார்ப்பதற்கு மட்டும்தான், இறங்குவதற்கு அல்ல.

திருச்சியிலிருந்து ஓர் அம்மா: மே மாதம் இரண்டு பிள்ளைகளோடு வருகிறோம், வயது 4, 9. சூரிய அஸ்தமனம் கடலில் தெரிகிற மாதிரி அறை கிடைக்குமா?

இது கிழக்குக் கரை அம்மா. கடலில் உதயம்தான் தெரியும். சூரியன் மறைவது உங்கள் முதுகுக்குப் பின்னால், சாலைப் பக்கம். அறை எடுக்கும்போது ‘ஸீ வியூ’வா, ‘பார்ஷியல் ஸீ வியூ’வா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் பால்கனி ஓரத்தில் நின்று கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். அதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

நாலு வயதுப் பிள்ளை இருப்பதால் வேறொன்று முக்கியம். கதவைத் திறந்தால் நேராக நீச்சல் குளத்தில் கால் வைக்கும் தரைத்தள அறைகள் சில ஹோட்டல்களில் உண்டு. படத்தில் மிக அழகாக இருக்கும். தயவுசெய்து எடுக்காதீர்கள். நீங்கள் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும் அரை நிமிடம் போதும். தோட்டம் பார்த்த அறையோ மாடி அறையோ கேளுங்கள். குளத்தில் இறங்க நைலான் அல்லது லைக்ரா நீச்சல் உடை வேண்டும். பருத்தி பனியனோடு விடமாட்டார்கள், வீட்டிலிருந்தே எடுத்துவாருங்கள். எந்த வயது வரை இலவசம், காலை உணவு பிள்ளைகளுக்கும் சேர்த்தியா என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். போனில் ‘சரி’ என்றால் போதாது. மெயிலில் எழுதி வாங்குங்கள்.

சேலத்துக் கல்லூரி மாணவர்: முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றால் என்ன ஆகிவிடும்?

தம்பி, இந்தக் கரை பல இடங்களில் சட்டென்று சரியும். அலை கரைக்கு அருகிலேயே உடையும், வந்த தண்ணீர் ஒரு குறுகிய பாதையில் குவிந்து வேகமாக உள்ளே திரும்பும். மேலிருந்து பார்த்தால் அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும், அதனால்தான் ஆட்கள் அங்கே இறங்குகிறார்கள். காலடி மணல் அரித்துப் போனதும் முழங்கால் தண்ணீர் இடுப்பளவு ஆகிவிடும். அப்படி இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதே. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பு. நல்ல நீச்சல்காரர்களும் எதிர்த்து நீந்திக் களைத்துத்தான் போகிறார்கள்.

கடலில் கால் நனைத்தே ஆகவேண்டும் என்றால் 2021இல் நீலக்கொடிச் சான்று (சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று) பெற்ற கோவளம் பொதுக் கடற்கரைக்குப் போ. குளிக்க ஒதுக்கிய இடமும் உயிர்காப்பாளர்களும் அங்கே உண்டு. அலைச்சறுக்கு கற்றுத்தரும் பள்ளிகளும் கோவளத்தில் இருக்கின்றன.

பெங்களூரு மேலாளர்: எங்கள் நிறுவனத்தின் கர்நாடக ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தும் ஹோட்டல் சி.ஜி.எஸ்.டி., தமிழ்நாடு எஸ்.ஜி.எஸ்.டி. என்று பில் போட்டுவிட்டது. இன்புட் கிரெடிட் வராது என்கிறார்கள். ஹோட்டலின் தவறுதானே?

இல்லை சார், பில் சரி. மற்றவர்களுக்கும் புரிய: ஒரே மாநிலத்துக்குள் என்றால் மத்திய அரசுக்கு சி.ஜி.எஸ்.டி., மாநிலத்துக்கு எஸ்.ஜி.எஸ்.டி.; மாநிலம் விட்டு மாநிலம் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. நிறுவனம் தான் கட்டிய வரியைத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்வதுதான் இன்புட் கிரெடிட். ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 12(3) பிரிவுப்படி, தங்கும் சேவைக்கு அந்தக் கட்டடம் இருக்கும் இடமே சேவை நடந்த இடம். ஹோட்டல் தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆகவே தமிழ்நாட்டு வரி. கர்நாடகப் பதிவை வைத்து அதை எடுக்க முடியாது. உங்கள் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டிலும் பதிவு இருந்தால் செக்-இன் நேரத்திலேயே அந்த எண்ணைக் கொடுங்கள். ஊருக்குப் போன பிறகு பில்லை மாற்றச் சொன்னால் ரிசப்ஷனில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

கோயம்புத்தூர் ஆடிட்டர்: மன்னிக்கவும், இது தவறு. வாங்குபவர் பதிவு பெற்றவர் என்றால் அவர் இருக்கும் இடம்தான் கணக்கு. என் கட்சிக்காரருக்கு ஐ.ஜி.எஸ்.டி. போட்டு பில் வந்திருக்கிறது.

ஆடிட்டர் சார், நீங்கள் சொல்வது 12(2), பொது விதி. அசையாச் சொத்தோடு சேர்ந்த சேவைகளுக்குப் பொது விதி பொருந்தாது, அவற்றுக்கென்றே 12(3) இருக்கிறது. ஹோட்டல், விருந்தினர் இல்லம், படகு வீடு வரை அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். கான்பரன்ஸ் ஹாலும் அதற்குள்தான் வரும். உங்கள் கட்சிக்காரரின் பில்லை இன்னொரு முறை பாருங்கள். முன்பதிவு இணையதளம் தன் சேவைக் கட்டணத்துக்குப் போட்ட பில்லாக இருக்கலாம். அந்தக் கட்டணத்துக்குப் பொது விதி பொருந்தும், ஐ.ஜி.எஸ்.டி. வரலாம். அறை வாடகை பில் வேறு.

அதே ஆடிட்டர்: சரி, அது இணையதள பில்தான். ஆனால் 5 சதவீத அறை எடுத்தால் எல்லாருக்கும் லாபம், இந்தப் பேச்சே வேண்டாமே?

எல்லாருக்கும் இல்லை. இதைத்தான் விளக்க ஆசைப்படுகிறேன், ஏனென்றால் தினமும் ரிசப்ஷனில் இதில்தான் குழப்பம். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், ஹோட்டலுக்கு இன்புட் கிரெடிட் இல்லை. அதற்கு மேல் போனால் 18 சதவீதம். வரி, நீங்கள் உண்மையில் கொடுக்கும் வாடகையைப் பொறுத்தது. அதனால் ஒரே அறை செவ்வாய்க்கிழமை 5 சதவீதத்திலும் சனிக்கிழமை 18 சதவீதத்திலும் இருக்கும்.

7,400 ரூபாய் அறை வரியோடு 7,770. 7,600 ரூபாய் அறை வரியோடு 8,968. வாடகையில் 200 ரூபாய்தான் வித்தியாசம், கையிலிருந்து போவது 1,198 ரூபாய் அதிகம். குடும்பமாக வருபவர்கள் வாடகை 7,500 ரூபாய்க்குள் இருக்கும் நாளைத் தேடுங்கள், ஞாயிறு இரவு பெரும்பாலும் கிடைக்கும். கிரெடிட் எடுக்க முடிந்த தமிழ்நாட்டு நிறுவனத்துக்குக் கணக்கு வேறு: 8,968இல் 1,368 திரும்பி வந்தால் நிகரச் செலவு 7,600தான், அதனால் வரி விகிதம் அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. பெங்களூரு சார் மட்டும் தமிழ்நாட்டுப் பதிவு இல்லாமல் வந்தால் குடும்பஸ்தர் மாதிரி 5 சதவீத அறையையே பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு பில்லுக்கு இந்தக் கிரெடிட் பொதுவாகக் கிடையாது. வேலைக்கு வரும்போது குடும்பத்தையும் அழைத்துவந்தால் அவர்கள் சாப்பாட்டைத் தனி பில்லாக உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள், கம்பெனி பில்லோடு கலக்க விடாதீர்கள்.

ஹைதராபாத்திலிருந்து ஒருவர்: தெலங்கானா ஜி.எஸ்.டி. எண் கொடுத்தால் கிரெடிட் வருமா?

வராது. பெங்களூருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

மதுரைக்காரர்: சிறுசேரி சிப்காட்டில் மூன்று நாள் வேலை. மனைவி, பிள்ளைகளும் வருகிறார்கள். மாமல்லபுரத்தில் எடுக்கலாமா?

கோவளத்தில் எடுங்கள். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் சாலை வழியாக ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) ஏறினால் சிறுசேரி பக்கம்தான். மாமல்லபுரத்திலிருந்து தினமும் வந்துபோனால் பிள்ளைகளோடு இருக்க மாலை மிஞ்சாது. நீங்கள் ஆபீஸ் போகும் நேரத்தில் அவர்கள் போக முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற கலை, பண்பாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது, செவ்வாய் விடுமுறை. வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை, திங்கள் விடுமுறை. இந்த இரண்டு நாளையும் மாற்றிப் போட்டு வாசலில் நிற்கும் குடும்பங்கள் நிறைய. வேலை ஸ்ரீபெரும்புதூரிலோ அம்பத்தூரிலோ என்றால் கடற்கரைப் பக்கமே வராதீர்கள், நகரத்துக்குள் தங்குங்கள்.

2022 செஸ் ஒலிம்பியாட் நடந்த ஹோட்டல் கடற்கரையில்தானே?

இல்லை. அது பூஞ்சேரியில் உள்ள ஃபோர் பாயிண்ட்ஸ். மாநாட்டுக்கு நல்ல இடம், ஆனால் கடலோரம் அல்ல. பெயரில் ‘மகாபலிபுரம்’ இருந்தாலே கடல் தெரியும் என்று நினைக்காதீர்கள், வரைபடத்தில் பாருங்கள்.

‘பிரைவேட் பீச்’ என்று போட்டிருக்கிறார்களே, வெளியாட்கள் வரமாட்டார்களா?

அலை ஏறி இறங்கும் மணல் எந்த ஹோட்டலுக்கும் சொந்தமில்லை. ஹோட்டலுக்கு உள்ளது அந்த மணலுக்குப் போகும் தனி வழி மட்டும்தான். மீனவர்கள் வலை இழுப்பார்கள், படகு நிறுத்துவார்கள், அது அவர்கள் தொழில் செய்யும் இடம். விருந்தாளியாகப் போகும் நாம்தான் ஒதுங்கி நடக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிட வரும், இரவில் மணலில் டார்ச் அடிக்காதீர்கள்.

டிசம்பர் முதல் வாரம் நாற்பது பேருக்கு டீலர் மீட்டிங்?

வேறு மாதம் இருந்தால் மாற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை காலம். 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. மாற்ற முடியாது என்றால் பணம் திரும்ப வரும் ரேட்டில் மட்டும் போடுங்கள், புல்வெளி விருந்துக்கு மாற்றாக உள்ளே ஒரு ஹாலையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

மே மாதம் மீன் சாப்பாடு எப்படி இருக்கும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பெரிய மீன் வரத்து குறையும், விலை ஏறும். இன்று நாட்டுப் படகில் வந்தது என்ன என்று கேட்டு அதைச் சாப்பிடுங்கள்.

கோவாவில் நல்ல ஹோட்டல்?

கோவா தெரிந்தவரிடம் கேளுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயமா?

இல்லை. பில்லில் தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூலை வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்துவிட்டது.

தஞ்சாவூரிலிருந்து: அப்பாவுக்கு முழங்கால் வலி. காட்டேஜ் எடுக்கலாமா?

வேண்டாம். காட்டேஜ்கள் வளாகத்தில் தள்ளித் தள்ளி இருக்கும். பேட்டரி வண்டி உண்டு, ஆனால் காலை உணவு நேரத்தில் எல்லாரும் ஒன்றாகக் கூப்பிடுவார்கள், காத்திருக்க வேண்டும். லிஃப்ட் உள்ள மெயின் பிளாக்கில் ரெஸ்டாரன்டுக்கு அருகில் அறை கேளுங்கள். குளியலறையில் பிடிமானக் கம்பி இருக்கிறதா என்றும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நாங்கள் ஆறு பேர், எல்லாருக்கும் நீச்சல் தெரியும். அப்போதும் கடலில் இறங்கக் கூடாதா?

கூடாது.

ஜெர்மனியிலிருந்து வரும் வாடிக்கையாளருக்கு நான் புக் செய்தால் என்ன ஆவணம் வேண்டும்?

அவருடைய பாஸ்போர்ட், விசா இரண்டும் செக்-இன் நேரத்தில் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஹோட்டல் அவர் விவரத்தை அதிகாரிகளிடம் பதிய வேண்டும். அறை வாடகையை உங்கள் கம்பெனி கட்டுகிறது என்றால் அதற்கான கடிதத்தை முந்தின நாளே மெயிலில் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்குபவரிடம் கார்டு கேட்பார்கள்.