யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு விலை கூடிய கேமிங் லப்டொப் வாங்குவது சரியா?

கம்பஸ் போகப்போகிறேன், ஐந்து லட்சத்துக்கு மேல் கொடுத்து ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்ட் போட்ட கேமிங் லப்டொப் வாங்கலாமா, வீட்டில் "விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு காசா" என்று பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் இருப்பது கொக்குவிலில். கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ எடுத்து எடிட் செய்வது தொழில். 2021 இலிருந்து ஆர்டிஎக்ஸ் 3060 போட்ட கேமிங் லப்டொப் ஒன்றில்தான் முழு வேலையும் நடக்கிறது. கீபோர்டில் சிவப்பும் நீலமுமாக லைட் எரிவதைக் கண்டுவிட்டு "இவன் இன்னும் கேம் விளையாடிக்கொண்டு திரிகிறான்" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அவர்கள் வீட்டுக் கலியாண வீடியோவும் அதே லைட் வெளிச்சத்தில்தான் எடிட் ஆனது. சரி, அதை விடுங்கள்.

2022 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஊரை ஏ, பி, சி என்று குழு குழுவாகப் பிரித்து வெட்டினார்கள். எங்கள் வீடு ஒரு குழு, நல்லூரில் மாமி வீடு வேறு குழு. எங்களுக்கு வெட்டினால் லப்டொப்பையும் ஹார்ட் டிஸ்கையும் பையில் போட்டுக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே வெட்டுகிற நேரம் திரும்பி வருவேன். பெட்ரோல் இல்லாததால் சைக்கிள்தான். டெஸ்க்டொப் வைத்திருந்த ஸ்டூடியோக்காரர் கரண்ட் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள், நான் சொன்ன திகதிக்கு வீடியோ கொடுத்தேன். றெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றுகிற வேலை, ஓடும்போது கரண்ட் போனாலும் வேகம் குறையுமே தவிர வேலை அறுந்துபோகாது. இதற்காகத்தான் இந்தச் சாமானுக்குக் காசு கொடுக்கிறோம். லைட்டுக்காக இல்லை.

டெஸ்க்டொப்தான் நல்லது என்கிற ஆட்கள் இப்போது கீழே கமெண்டில் வந்து நிற்பார்கள் என்று தெரியும். அவர்கள் சொல்வதும் பொய் இல்லை. பெட்டியில் 4070 என்று ஒரே பெயர்தான் இருக்கும், ஆனால் டெஸ்க்டொப் 4070 க்கு 200 வாட், 12 ஜிபி மெமரி. லப்டொப் 4070 க்கு பூஸ்ட் எல்லாம் சேர்த்தாலும் ஆகக் கூடியது 140 வாட், 8 ஜிபி. அதிலும் மெல்லிய மாடல்களில் கம்பனிக்காரன் வாட்டை இன்னும் கீழே இறக்கி வைத்திருப்பான், அதோடு வேகமும் இறங்கும். நல்ல கூலிங்கோடு முழு வாட்டில் ஓடும், ஒரு படி குறைந்த 4060, மூச்சு முட்டி ஓடும் 4070 க்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்து நிற்கும். கடையில் இதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பற்றரியை நம்பியும் வாங்காதீர்கள். விமானத்தில் தனி அனுமதி கேட்காமல் கையோடு கொண்டுபோக 100 வாட்மணிதான் எல்லை என்பதால் கம்பனிகள் பொதுவாக அதற்கு மேல் போடுவதில்லை. முழு வேகத்தில் 150 வாட் இழுக்கிற சாமானுக்கு அது எம்மாத்திரம்? பிளக்கைக் கழற்றியதும் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாடக் குறிப்பு எழுத, படம் பார்க்கச் சில மணித்தியாலம் ஓடும், அவ்வளவுதான். சார்ஜரும் சேர்த்தால் தோளில் மூன்று கிலோவுக்கு மேல்.

அப்புறம் சூடு. வைகாசி வெயிலில் ஏசி இல்லாத அறையில் புரொசஸர் 95 பாகையைத் தொட்டுவிட்டுத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். எங்கள் பக்கம் செம்மண் தூசி, மண்டபத்தில் ஓமப் புகை. ஒருமுறை அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஃபானுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படை. இடுக்கியால் பிடித்து இழுக்க முழுசாக உரிந்து வந்தது. மூடிவிட்டுப் போட்டதும் ஃபான் சத்தமே பாதியாகிவிட்டது. சூட்டைக் கடத்த புரொசஸர் மேல் பூசுகிற பேஸ்டையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

உங்களுக்கும் வெளிநாட்டில் ஒரு மாமா இருப்பார், "நான் வரும்போது கொண்டுவாறன்" என்பார். என்னுடையது சுவிஸிலிருந்து அப்படி வந்ததுதான். பிளக் பிரச்சினை இல்லை, சார்ஜர் வயரை மாற்றிவிடலாம். கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். பாமினி என்கிற தமிழ் எழுத்துருவில் அடிக்கிறவனுக்கு 'ல' வர வேண்டிய இடத்தில் 'ண' வந்து நிற்கும். அதையும் பழகலாம். கீல் உடைந்தபோது கொழும்பில் இருந்த சேர்விஸ்காரர் "இங்கே வாங்கியது இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கடைசியில் இங்கேயே ஒரு பெடியன் பழைய லப்டொப்பிலிருந்து கழற்றிப் பூட்டித் தந்தான்.

அந்தக் கூலியை உடனே கொடுக்கக்கூட என் கையில் காசு இல்லை, ஏனென்றால் எங்கள் தொழிலில் மிச்சக் காசு என்று ஒன்று வருவதே இல்லை. அல்பத்தையும் பென்டிரைவையும் வாங்கும் வரை ஒவ்வொரு நாளும் போன். வாங்கிய பிறகு போனே எடுக்க மாட்டார்கள். ட்ரோன் ஷொட்டை "சும்மா ஒன்று பறக்க விடுங்கோவன்" என்பார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் எழுதாவிட்டால் மனம் ஆறாது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். இங்கே திருநெல்வேலியில் இருக்கிற யாழ்ப்பாணக் கம்பஸ், வீட்டிலிருந்தே போய் வருவேன் என்றால் டெஸ்க்டொப்பும் ஒரு சாதாரண லப்டொப்பும் எடுங்கள், அதே காசுக்குள் அடங்கும். கிளிநொச்சி அறிவியல் நகரோ மொறட்டுவையோ போய் அறை எடுத்துத் தங்கப்போகிறீர்கள் என்றால் கேமிங் லப்டொப்பே எடுங்கள், வீட்டுக்காரர் பேசினால் பேசட்டும். ஆனால் இங்கேயே வாரண்டியோடு வாங்குங்கள், தடித்த மாடலாகப் பாருங்கள். கடைக்காரர் வாட் எவ்வளவு என்று சொல்லாவிட்டால் முழு மாடல் நம்பரையும் கீழே போடுங்கள், தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.