திருடியது யார்?

கேள்வி: கிறிஸ்துமஸ் மரம் என்பது பழைய ஐரோப்பியர்களின் மர வழிபாட்டிலிருந்து கிறிஸ்தவ சபை திருடிக்கொண்டதுதானே? பைபிளில் எரேமியா தீர்க்கதரிசியே அதைக் கண்டித்திருக்கிறாரே? (கோவில்பட்டி வாசகர் ஒருவர்)

பதில்: திருட்டு என்று நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். இந்த மரத்தைப் பற்றிக் கிடைக்கிற மிகப் பழைய பதிவுகளில் ஒன்று திருட்டைப் பற்றியதுதான். அல்சாஸ் பகுதியில், இன்றைய பிரான்சில், செலெஸ்டா என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் 1521ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு செலவு எழுதியிருக்கிறது: புனித தோமா நாளில், அதாவது டிசம்பர் 21 அன்று, மரங்களைக் காவல் காக்க வனக்காவலருக்கு நான்கு ஷில்லிங். ஊர் மக்கள் காட்டுக்குள் புகுந்து இஷ்டத்துக்கு வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், ஊராட்சி ஆள் வைத்துத் தடுத்திருக்கிறது. திருடியது சபை இல்லை, சாதாரண ஜனங்கள்!

சபை என்ன செய்தது? முணுமுணுத்தது. 1640களில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து லுத்தரன் போதகர் டான்ஹவர், வீட்டில் ஃபர் என்கிற ஊசியிலை மரத்தை நட்டு, பொம்மையும் இனிப்பும் தொங்கவிட்டு, அப்புறம் உலுக்கிப் பறிக்கிறார்களே, இது எங்கிருந்து வந்த பழக்கமோ, வெறும் பிள்ளை விளையாட்டு என்று எழுதினார். கத்தோலிக்கத் தலைமையகமோ இன்னும் தாமதம். வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் முதல் மரம் நின்றது 1982இல், போப் இரண்டாம் ஜான் பால் காலத்தில். திருடிய பொருளை எவனாவது நானூறு வருஷத்துக்கு மேல் தன் வாசலுக்குக் கொண்டுவராமல் இருப்பானா?

குளிர்காலத்தில் பச்சைக் கிளைகளை வீட்டில் கட்டும் வழக்கம் கிறிஸ்தவத்துக்கு முந்தியது, மறுக்கவில்லை. ரோமர்களும் கட்டினார்கள். ஆனால் அங்கிருந்து அல்சாஸ் வீட்டுக் கூடத்து மரம்வரை ஆயிரம் வருஷத்துக்கும் மேல் இடைவெளி இருக்கிறது. நடுவில் கோர்க்கச் சரடு இல்லை. எந்தப் பழக்கத்தைக் கண்டாலும் அதைப் புராதன காலத்துக்குத் தள்ளிவிட்டால்தான் அதற்கு மதிப்பு, அல்லது அதற்கு அவமானம், என்று நினைப்பவர்களோடு இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை மல்லுக்கட்டியிருக்கிறேன். இனியும் கட்டுவேன்.

எரேமியா பத்தாம் அதிகாரத்தை, காட்டில் மரம் வெட்டுவதைச் சொல்லும் மூன்றாம் வசனத்தோடு நிறுத்தாமல் ஐந்தாம் வசனம்வரை வாசியுங்கள். பேச மாட்டாதவை, நடக்க மாட்டாதவை, சுமக்கப்பட வேண்டியவை என்கிறார். அவர் சொல்வது மரத்தில் செதுக்கிப் பொன்னும் வெள்ளியும் பூசிய சிலைகளை. அவர் காலமோ கிறிஸ்து பிறப்பதற்கு அறுநூறு வருஷம் முந்தி.

சரி, அந்த மரத்துக்கு என்ன பொருள்? டிசம்பர் 24 அன்று ஆதாம் ஏவாள் நாள். அன்று ஜெர்மானிய ஊர்களில், அவர்கள் விலக்கப்பட்ட கனியைத் தின்ற ஏதேன் தோட்டத்துக் கதையை நாடகம் போடுவார்கள். மேடையில் ஆப்பிள் தொங்கும் ஒரு பச்சை மரம் நிற்கும். ஸ்ட்ராஸ்பர்க் போய்வந்த ஒருவர் 1605இல் எழுதிய குறிப்பில், வீட்டு மரத்தில் காகித ரோஜாவோடும் ஆப்பிளோடும் மெல்லிய அப்பத் தகடுகளும் தொங்குகின்றன. வழிபாட்டில் கிறிஸ்துவின் உடலாகக் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை அப்படித்தான் சுடுவார்கள். விலக்கப்பட்ட கனியும் மீட்பின் அப்பமும் ஒரே கிளையில்! ஜெர்மனியின் பிரெமன் நகரத்துத் தொழிற்குழு ஒன்றின் 1570 குறிப்பிலோ ஆப்பிள், கொட்டை, பேரீச்சை எல்லாம் தொங்குகின்றன. கிறிஸ்துமஸ் அன்று தொழிலாளிகளின் பிள்ளைகள் பறித்துத் தின்பதற்கு. மரம் அன்றைக்குத் தின்பண்டம்.

இன்று கடையில் தொங்கும் சிவப்புக் கண்ணாடிப் பந்து அந்த ஆப்பிளின் வாரிசு. அதை 19ஆம் நூற்றாண்டில் உலகத்துக்குக் கொடுத்தது ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பக்கத்து லவ்ஷா கிராமம். வீடுதான் பட்டறை. அப்பா விளக்குச் சுடரில் கண்ணாடிக் குழாயை உருக்கி ஊதுவார். அம்மாவும் பிள்ளைகளும் உள்ளே வெள்ளிக் கரைசல் ஊற்றிக் குலுக்கி, சாயத்தில் முக்கிக் காயவைப்பார்கள். பெண்கள் அதைக் கூடையில் முதுகில் சுமந்து சோனபெர்க் ஊர் வியாபாரியிடம் நடப்பார்கள். 1880களில் அமெரிக்காவின் வுல்வொர்த் கடைகள் இந்தப் பந்துகளை விற்றுக் காசு பார்த்தன. சுடருக்கு முன் உட்கார்ந்து ஊதியவர் பெயர் எந்தப் பந்திலும் இல்லை.

எனக்கு உடனே மதுரை பக்கத்து விளாச்சேரி ஞாபகம் வருகிறது. நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்யும் அதே வேளார் குடும்பங்கள்தான் டிசம்பருக்குக் குடில் செட் செய்கின்றன. மேய்ப்பன், ஆட்டுக்குட்டி, மூன்று ராஜாக்கள், தீவனத்தொட்டியில் குழந்தை. அது வடகிழக்குப் பருவமழைக் காலம், களிமண் காயவே காயாது. இந்த வருஷம் குடில் செட் வாங்கப் போகிறவர்கள் அவர்களிடம் நேரே போய் வாங்குங்கள். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.