சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு வேறு பில் கேளுங்கள்

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் தெருமுனை ஓட்டலில் குடும்பத்தோடு சாப்பிட்டோம். சாப்பாடு 740 ரூபாய், தண்ணீர் பாட்டில் இரண்டு 60, சர்வீஸ் சார்ஜ் 40, ஜிஎஸ்டி 42 என்று மொத்தம் 882 ரூபாய் வாங்கினார்கள். பாட்டிலில் அச்சாகியிருந்த விலை 20 ரூபாய்தான். கேட்டால், "சிஸ்டம்ல அப்படித்தான் சார் வரும்" என்கிறார்கள். நஷ்டஈடு வாங்கித் தருவதாக ஒருவர் 2,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

நுகர்வோர் வழக்கறிஞரின் பதில்:

முதலில், அந்த 2,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஏதோ ஓர் அமைப்பின் பெயரை லெட்டர்பேடில் அடித்துக்கொண்டு அலைகிறவர்கள் உங்களிடமும் வாங்குவார்கள், கடைக்காரரிடம் போய் "புகாரை வாபஸ் வாங்க வைக்கிறேன்" என்று அங்கேயும் வாங்குவார்கள். கடைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை.

சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச் 28 அன்று அதைச் சரி என்றது. இதில் உங்களுக்கு 40 ரூபாய் மட்டும் போகவில்லை. 840 ரூபாய்க்கு 5 சதவீதம் போட்டால்தான் 42 வரும். அதாவது சர்வீஸ் சார்ஜுக்கும் வரி வாங்கியிருக்கிறார்கள். சர்வீஸ் சார்ஜ் இல்லாமல் 800 ரூபாய், அதற்கு வரி 40, ஆக சரியான பில் 840 ரூபாய்தான்.

அப்புறம், பில்லின் தலைப்பைப் பாருங்கள். 'டாக்ஸ் இன்வாய்ஸ்' என்று இருந்தால் வரி வாங்கலாம். 'பில் ஆஃப் சப்ளை' என்று இருந்தால் அது காம்போசிஷன் திட்டத்தில், அதாவது சிறு கடைகளுக்கான எளிய வரித் திட்டத்தில் உள்ள கடை. வரியைக் கடைக்காரர் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அந்த எழுத்து பொடியாக இருக்கும், சில கடைகளில் இருக்கவே இருக்காது. 33 என்று தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால், 'ரெகுலர்' கடையா 'காம்போசிஷன்' கடையா என்று லாகின் செய்யாமலே தெரிந்துவிடும். காம்போசிஷன் என்றால் சர்வீஸ் சார்ஜும் வரியும் சேர்த்து உங்களுக்கு 82 ரூபாய் திரும்ப வர வேண்டும். சாப்பிட வந்தவர் கை கழுவுமுன் உட்கார்ந்து சோதிக்க வேண்டிய விஷயமா இது? வரித்துறையிலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்தாலே போதும்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் வெறும் பாட்டில் வாங்க வரவில்லை, இடம், பரிமாறுதல் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விலை, அதனால் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த 10 ரூபாய்க்குத்தான் வழக்குப் போட நினைக்கிறார்கள். போடாதீர்கள். ஆனால் அந்தக் காரணம் மேஜையில் உட்கார்ந்தவருக்குத்தான் பொருந்தும். ஓட்டல் வாசலில் நின்று பாட்டில் மட்டும் வாங்கிப் போகிறவரிடம் 30 ரூபாய் கேட்டால், அச்சிட்ட விலைக்கு மேல் தர மாட்டேன் என்று சொல்லலாம் என்பதே என் கருத்து. உள்ளே உட்கார்ந்தால், பாட்டிலின் மூடியைத் திருகுமுன் "சாதா தண்ணீர் போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது கடைக்குப் போய் வேறு பில் கேளுங்கள். மறுத்தால் 1915க்குப் பேசுங்கள். இது தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடப்பதோ வாய்தாவுக்கு மேல் வாய்தா. அதனால் பில்லை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். அந்த வழவழப்பான தாளில் மை நிற்காது. விசாரணைக்கு என் கட்சிக்காரர் ஒருவர் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்த பில்லில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.