பதில்: கரையில் நான் ஒருத்திதான் பெண்

அக்கா, எண்ணூர் முகத்துவாரத்தில் தூண்டில் போட ஆசை, ஆனால் கரை முழுக்க ஆண்கள், முறைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் தண்டையார்பேட்டைக்காரிதான்; அந்தப் பார்வை தெரியும். ஆனால் தண்ணீர் பெண்களுக்குப் புதுசு இல்லை. பழவேற்காட்டில் இருளர் பெண்கள் பறி என்னும் பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்தபடி, இடுப்பளவு நீரில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள். அது பிழைப்பு. பொழுதுபோக்கு என்றதும்தான் தடை வருகிறது: ஞாயிறு ஆண்களுக்கு ஓய்வு, நமக்குச் சமையல்.

விலை உயர்ந்த ராடு, ரீல் எதுவும் வேண்டாம். பாட்டிலில் சுற்றிய தூண்டில் நரம்பு, சின்னத் தூண்டில் முள், ஈயம், துண்டு இறால் போதும், கிழங்கான் மீன் கடிக்கும். விடியற்காலையில் போங்கள். அப்புறம், 2023 டிசம்பரில் எண்ணெய் பரவிய கழிமுகம் அது. பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுங்கள், குழம்பு வைக்க வேண்டாம். தனியாகப் போகத் தயக்கம் என்றால், இந்த ஞாயிறு நான் துணைக்கு வரட்டுமா?